சரிபார்த்தவர்: சந்தானம்

தன் பெயர் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது சந்தானத்துக்குப் பதினோரு நாள் தெரியாது. தெரியவந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பொம்மசந்திராவிலிருந்து திரும்பும் கம்பெனி வேனில். சில்க் போர்டு நெரிசலில் வேன் நின்றபோது போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். செக் நாட்டிலிருந்து ஹனா என்ற ஒரு பெண்மணி எழுதியிருந்தார். ‘அன்புள்ள சந்தானம்’ என்று ஆரம்பித்த அந்தக் கடிதம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் ஒரு பொது மடலாடல் குழுவுக்கும் சேர்த்தே போயிருந்தது.

அதே வேனில், இரண்டு இருக்கை தள்ளி, எத்திராஜும் இருந்தான். அவனுக்கும் அந்தக் கடிதம் வந்திருந்தது. இரண்டு பேரும் ஈஜிபுரா சிக்னலில் இறங்கி, ஒரே தெருவில் நடந்து, ஒரே கேட்டைத் திறந்து, ஒருவர் கீழ்வீட்டுக்கும் ஒருவன் மாடிக்கும் போனார்கள். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் எத்திராஜின் மனைவி ஷோபா பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் பார்த்தது, புருஷன் வந்து ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்ததைத்தான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல.”

“ஷூவோட உக்காந்திருக்கீங்க.”

எத்திராஜ் குனிந்து ஒரு ஷூவை மட்டும் கழற்றினான். “மாமா பேரை வெச்சிட்டேன், ஷோபா.”

சந்தானம் ஷோபாவுக்குத் தாய்மாமன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குடியாத்தத்திலிருந்து எத்திராஜை வரவழைத்துத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் அவர்தான். மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கொடுத்ததும் அவர்தான். அவர் அங்கே உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை எத்திராஜுக்கு ‘சார்’. கேட்டுக்குள் வந்தால் ‘மாமா’.

கம்பெனி செய்வது பால் எந்திரம். கோலார், ராமநகரா பக்கத்துக் கிராமங்களில், விடியற்காலை ஐந்து மணிக்கு, பால் சொசைட்டி வாசலில் கேனோடு வரிசை நிற்கும். ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, அந்தக் கணக்கை வைஃபை வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதன் மூளையான கெர்னலுக்கும் வைஃபை சிப்புக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை இன்னொன்றுக்குப் புரியவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். சிப் விற்றவன் கொடுத்த டிரைவர் பழைய கெர்னலோடு மட்டும்தான் பேசும். கெர்னல் புதுசானால் பெட்டி ஊமையாகிவிடும். ஒவ்வொரு முறையும் எத்திராஜ்தான் உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டும்.

இதற்கு ஒரே வழி, டிரைவரை ஒழுங்காகத் திருப்பி எழுதி, கெர்னலோடேயே சேர்க்கச் சொல்லி அனுப்புவது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஏற்பது சிலர் கையில் இருக்கிறது. எத்திராஜ் ஒன்றரை வருஷமாக அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சார்பில் ஹனா வரிவரியாகப் படித்து, இது சரியில்லை, இதற்கு ஏற்கெனவே கெர்னலில் ஏற்பாடு இருக்கிறது, இதை ஏன் நீயே செய்கிறாய் என்று திருப்பி அனுப்புவார். பதினோரு நாளுக்கு முன்னால் போனது ஆறாவது பதிப்பு. மார்ச்சில் வரும் உகாதிக்குள் கெர்னலில் ஏறாவிட்டால் வேறு கம்பெனியின் ரெடிமேட் போர்டை வாங்கிவிடலாம், மென்பொருள் பிரிவே வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மென்பொருள் பிரிவு என்பது எத்திராஜ் ஒருவன்தான். உகாதிக்குள் முடியும் என்று மீட்டிங்கில் வாக்குக் கொடுத்தவர் சந்தானம்.

“பேரை எதுல வெச்சீங்க?” என்றாள் ஷோபா.

“அனுப்பறப்ப அடியில பேர் போடணும். எழுதினது யாரு, டெஸ்ட் பண்ணினது யாரு, படிச்சு சரிபாத்தது யாருன்னு தனித்தனியா. சரிபாத்தவர்னு மாமா பேரைப் போட்டேன்.”

“அவர் பாத்தாரா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“நம்ம டிராயிங் ஷீட்டுல அப்படித்தான் இருக்கும், ஷோபா. கீழ ஒரு கட்டம். வரைஞ்சவர்ங்கிற இடம் காலியா இருக்கும், சரிபாத்தவர் சந்தானம்னு அச்சுலயே வந்திடும். யாரு பாக்கறாங்க? பெரியவர் பேர் இல்லாம ஒரு பேப்பர் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான். அந்த நெனப்புல போட்டுட்டேன்.”

“அந்தம்மா என்ன கேக்கறாங்க?”

“குழுவுல உங்க மெயிலே காணோமே சந்தானம், நீங்க எப்ப படிச்சீங்கன்னு கேக்கறாங்க. சிப்பை நடுவுல புடுங்கினா பாதியில போயிட்டிருக்கிற டேட்டா என்ன ஆகும், அதைப்பத்தி உங்க கருத்து என்னன்னும் கேக்கறாங்க.” இரண்டாவது ஷூவையும் கழற்றினான். “உங்க லேப்ல மட்டும் என்ன? ரிப்போர்ட்டுல டாக்டர் கையெழுத்து இருக்கே, எல்லாத்தையும் அவர் படிக்கறாரா?”

ஷோபா கோரமங்களாவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலை ஆறரைக்கு முதல் ஊசி. பண்டிகை நாட்களில் டாக்டர் வராமலே கம்ப்யூட்டரில் கையெழுத்து விழுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஷூ இரண்டையும் எடுத்துப்போய் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

“அது அவரு தெரிஞ்சு குடுத்த கையெழுத்து,” என்றாள். “இது அப்படி இல்லையே.”

மறுநாள் ஞாயிறு. டிசம்பர் குளிரோடு தூறலும் சேர்ந்திருந்தது. மாமாவின் மனைவி ராதா அத்தை கீழிருந்து குரல் கொடுத்தாள். “ஷோபா, வாடி. அவரைக்கொட்டை ஊறிடுச்சு. ஒரு படி இருக்கு, நான் ஒருத்தியே பிதுக்க முடியாது. உன் வீட்டுக்காரரையும் கூப்பிடு, மாமா வரச் சொன்னாரு.”

கீழ்வீட்டுக் கூடத்தில் பெரிய அலுமினியப் பாத்திரம். இரவே ஊறப்போட்ட அவரைப் பருப்பு. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் கையில் தங்கிவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். சந்தானம் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு தானும் பிதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் பிதுக்குவார். பருப்பு எதுவும் தரையில் விழாது.

“கூத்கோ, மாப்ள,” என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லிப் பலகையைக் காட்டினார். எத்திராஜ் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“எழுதிட்டியா?”

“எழுதியிருக்கேன், மாமா.”

ராத்திரியே போனில் சொல்லிவிட்டிருக்கிறார்: ‘பதிலை நீ எழுது, என் ஐடியிலிருந்து நான் அனுப்பறேன், பார்த்தேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது.’ ஷோபாவுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவள் எத்திராஜைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

“படி.”

எத்திராஜ் படித்தான். சாதனம் பிடுங்கப்படும்போது அனுப்பும் வரிசை முதலில் நிற்கிறதா என்று கவனமாகப் பார்த்தேன், பூட்டு சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது, எனக்குத் திருப்தி. இதுதான் சாரம்.

“என்ன பூட்டு?”

“லாக், மாமா. ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஒரே இடத்துல கை வைக்கக் கூடாதுன்னு போடறது.”

“எங்க போட்டிருக்கே?”

“நாலாவது ஃபைல்ல.”

“அதை நான் பாத்தேனா?”

“பாத்தேன்னுதான் எழுதியிருக்காரே,” என்றாள் ராதா அத்தை.

“நீ சும்னிரு, ராதா.” சந்தானம் இன்னும் நாலைந்து பருப்பைப் பிதுக்கினார். “சரி. அந்தம்மா திருப்பிக் கேட்டா?”

“திருப்பி நான் எழுதித் தரேன்.”

“அதுக்கு மேல கேட்டா?”

“அதுக்கும் எழுதித் தரேன், மாமா.”

“அப்ப நான் எதுக்குடா? தபால்பெட்டியா?”

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. கையெல்லாம் பருப்புத் தண்ணீர். ஸ்பீக்கரைத் தட்டினார். அழைத்தது ஹெர்பர்ட். பிரேசர் டவுன்காரர், பால் எந்திரங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சோதிப்பவர். டெஸ்ட் பண்ணினவர் என்று அடியில் அவர் பெயரும் இருந்ததால் கடிதம் அவருக்கும் போயிருந்தது.

“சார், காங்கிராட்ஸ் சார்! இப்பத்தான் பூசை முடிஞ்சு சர்ச்சுக்கு வெளிய வந்து மெயிலப் பாக்கறேன். ஐரோப்பாவுல இருந்து உங்களைத் தேடிட்டிருக்காங்க. எப்ப சார் நீங்க சி லாங்குவேஜ் கத்துக்கிட்டீங்க? எங்ககிட்ட சொல்லவே இல்ல!”

“பல்ல மூடு, ஹெர்பர்ட்.”

“இல்ல சார், சீரியஸா. எனக்கும் கொஞ்சம் டியூஷன் எடுங்க சார், நம்ம பையனும் இந்த வருஷம்...”

சந்தானம் போனை அணைத்தார். ராதா அத்தை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“ஏன்டா என்னைக் கேக்கல?”

“மரியாதைக்குத்தான், மாமா. நீங்க இல்லாம நான் இந்த வேலையில...”

“மரியாதை. சரி. படிச்சுப் பாருங்க மாமான்னு ஏன் குடுக்கல? ஒன்றரை வருஷம். ஒரே வேன்ல போறோம், வரோம். ஒரு நாள் குடுத்தியா?”

எத்திராஜ் மடிக்கணினித் திரையிலேயே கண்ணை வைத்திருந்தான். பதில் என்ன என்று ஷோபாவுக்குத் தெரியும். ராதா அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவள் கை நின்றுவிட்டிருந்தது.

“படிச்சாலும் இந்தாளுக்குப் புரியாதுன்னு நெனச்சே.”

“அப்படி இல்ல, மாமா.”

“வேற எப்படி? நான் போலீஸ் வயர்லெஸ் செட்டு டியூன் பண்ணினவன்டா. பதிமூணு வருஷம், பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக்கிட்டு. நீ அப்ப பொறக்கவே இல்ல.” கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். “அதைக் குடு இங்க.”

மடிக்கணினியை வாங்கி, எத்திராஜ் எழுதியதை முழுக்க அழித்தார். இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். மூன்று வரி. ஆங்கிலத்தில்தான். நான் இந்த நிரலைச் சரிபார்க்கவில்லை. இது என்னிடம் காட்டப்படவில்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்.

எத்திராஜ் எட்டிப் பார்த்தான். “மாமா, ரெண்டாவது லைன் வேணாம். முதல் லைன் போதும்.”

“ரெண்டாவது லைன் பொய்யா?”

“பொய் இல்ல.”

“அப்ப?”

“மாமா,” என்றாள் ஷோபா. “நாளைக்கு முதலாளி பாப்பாரு. இவரு வேலை இதுலதான் இருக்கு.”

“என் வேலையும் இதுலதான் இருக்குடி,” என்று சொல்லிக்கொண்டே தன் ஐடியிலிருந்து அனுப்பிவிட்டார். அப்புறம் குல்லாயைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி போட்டுக்கொண்டார். மீதிப் பருப்பைப் பிதுக்க ஆரம்பித்தார்.

எத்திராஜ் மாடிக்குப் போய்விட்டான். ஷோபா அந்த ஒரு படிப் பருப்பும் முடியும் வரை இருந்தாள். பாதியில் எழுந்து போனால் அது வேறு பேச்சாகும். பிற்பகலில் ராதா அத்தை முத்தை என்கிற ராகிக் களி உருண்டையும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினாள். எத்திராஜ் முதலில் வேண்டாம் என்றான். பிறகு இரண்டு முத்தை சாப்பிட்டான்.

சாயங்காலம் அவனும் பதில் எழுத உட்கார்ந்தான். ஷோபா சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அவரைக் கேக்காம பேரைப் போட்டது நான், தப்பு என்னுதுன்னு எழுதியிருக்கேன். போதுமா? இன்னும் பெரிசா ஏதாவது சொல்லணுமா?”

“டியூப்ல லேபிள் மாறிட்டா நாங்க என்ன எழுதுவோம் தெரியுமா?”

“என்ன?”

“லேபிள் மாறிவிட்டது, மறுபடி ரத்தம் எடுக்கப்படுகிறது. அவ்வளவுதான். யாரும் கதை எழுத மாட்டோம்.”

பெயரை நீக்கி ஏழாவது பதிப்பை அனுப்புகிறேன் என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்து அவன் அனுப்பினான்.

ஹனாவின் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. வெளிப்படையாகச் சொன்னதற்கு இருவருக்கும் நன்றி. ஆனால் அந்தப் பெயரை நம்பித்தான் சில பகுதிகளை வேகமாகப் படித்துவிட்டேன். இனி இந்தக் கம்பெனியிலிருந்து வரும் எந்தப் பெயரையும் கணக்கில் எடுக்கப் போவதில்லை. முதல் வரியிலிருந்து நானே மறுபடி படிக்கிறேன். ஆகவே இந்தச் சுற்றில் முடியாது.

அடுத்த சுற்று, அதாவது கெர்னலின் அடுத்த பதிப்பு, என்றால் ஒன்பது பத்து வாரம். முதலாளி சந்தானத்தைக் கூப்பிட்டார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருந்த எத்திராஜ், அவர் உள்ளே பன்னிரண்டு நிமிஷம் நின்றுகொண்டே பேசியதைப் பார்த்தான். வெளியே வந்தவர் எத்திராஜின் மேஜை அருகே ஒரு நொடி நின்று, “உகாதி வரைக்கும் டயம் குடுத்திருக்காரு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆபீஸில் சார், எஸ், ஓகே. வீட்டில் அதுவும் இல்லை. முன்பெல்லாம் தண்ணீர் மோட்டார் போட்டால், “டேங்க்கைப் பாரு, மாப்ள!” என்று சந்தானம் கீழிருந்து கத்துவார். இப்போது ராதா அத்தை கத்தினாள். வேனில் இரண்டு இருக்கை இடைவெளி நாலு இருக்கையானது. ஹனாவிடமிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் வந்தது. அவர் கேட்ட அந்தப் பூட்டு தவறான இடத்தில்தான் இருந்தது என்று தெரிந்தது. எத்திராஜ் அதைத் திருத்தினான். சரியா என்று பார்க்கச் சமையலறையில் பால் எந்திரத்தை வைத்து, ஓடும்போதே சிப்பைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினான். நூறு தடவை. எண்ணியது ஷோபா.

சங்கராந்தி போன மறுவாரம் அவள் கேட்டாள். “நீங்க இன்னும் அவருக்குக் காட்டல இல்ல?”

“யாருக்கு?”

“மாமாவுக்கு. காட்டலன்னுதான் எழுதினாரு. இன்னைக்கு வரைக்கும் அது உண்மையாத்தான் இருக்கு.”

“இப்பப் போய்க் குடுத்தா தாஜா பண்ற மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும்.”

எண்பதடி ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தான். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஸ்பைரல் போட்டுக் கீழே எடுத்துப் போனான். ஷோபா படிக்கட்டிலேயே நின்றுகொண்டாள்.

“என்ன இது?” சந்தானத்தின் குரல்.

“கோடு, மாமா.”

“எதுக்கு?”

“படிக்க.”

“திரும்பப் பேர் போடவா?”

“இல்ல, மாமா. போட மாட்டேன். படிக்கத்தான்.”

பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“வெச்சிட்டுப் போ.”

சந்தானம் அதை வேனில் படித்தார். ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பேனாவோடு படித்தார். கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஷோபாவிடம் கொடுத்தனுப்பினார். அவள் லேபுக்குப் போகிற அவசரத்தில் வாங்கி மேலே வைத்துவிட்டுப் போவாள். முதல் காகிதத்தில் நாற்பது கேள்வி. ஒன்றைப் படித்துவிட்டு எத்திராஜ் சிரித்தான். “சிரிக்காதீங்க,” என்றாள் அவள். முப்பத்தெட்டு கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடிந்தது. ஒன்றில் அவர் சொன்னது சரி: ஒரு குறிப்பில் அலைவரிசை எண் தப்பாக இருந்தது. எட்டாவது பதிப்பில் அதைத் திருத்தினான். இன்னொன்றுக்குக் காகிதத்தில் பதில் எழுத முடியாமல் கீழே போய் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து காகிதம் நின்றுவிட்டது. அவனே போனான்.

“இப்பப் பேர் போடலாமா, மாமா?” என்று ஒருமுறை கேட்டிருக்கிறான்.

“பாதிதான்டா படிச்சிருக்கேன்.”

பிப்ரவரி இரண்டாம் வாரம் குளிர் விட்டது. சந்தானத்துக்குக் காய்ச்சல் வந்து, இரண்டு நாள் லீவில் வீட்டில் இருந்தார். வியாழக்கிழமை எத்திராஜ் தனியாக வேனில் வந்து இறங்கினான். கேட்டருகே ஷோபா காய்கறிப் பையோடு நின்றாள். அவன் போனை நீட்டினான். ஹனா அனுப்பியதல்ல, அவருக்கும் மேலே, கெர்னலின் வயர்லெஸ் பகுதிக்குச் சாவி வைத்திருப்பவர் அனுப்பியது. ‘ஏற்கப்பட்டது, நன்றி.’ அவ்வளவுதான் இருந்தது. ஷோபா அதைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள், வேறு ஏதாவது இருக்கும் என்று. இல்லை.

“வேலை?”

“இருக்கும். முதலாளி கை குடுத்தாரு.”

இரண்டு பேரும் கீழ்வீட்டுக்குள் நுழைந்தார்கள். சந்தானம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் ஸ்பைரல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியா, மாப்ள? இங்க வா. தொண்ணூத்தி நாலாம் பக்கம்.”

“மாமா, ஏத்துக்கிட்டாங்க. மத்தியானம் மெயில் வந்தது.”

“முதலாளிகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“நல்லது. ராதா, கேட்டியா, ஏத்துக்கிட்டாங்களாம். காபி போடு எல்லாருக்கும்.” பக்கத்தில் விரலை வைத்தார். “இங்க சிப்பை எழுப்பிட்டு இருபது மில்லிசெகண்ட் சும்மா காத்திருன்னு எழுதியிருக்கே. ஏன் இருபது?”

எத்திராஜ் குனிந்து பார்த்தான். “சிப் கம்பெனிக்காரன் குடுத்ததுல இருந்தது, மாமா.”

“அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அவன் ஏதாவது...” என்று ஆரம்பித்து நிறுத்தினான். “தெரியல, மாமா.”

“பத்து வெச்சா?”

“வெச்சுப் பாத்ததில்ல.”

“அந்தம்மா கேக்கலையா?”

“கேக்கல.”

“எத்தனை தடவை படிச்சாங்க?”

“எட்டு.”

சந்தானம் அவனைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். எத்திராஜ் உட்கார்ந்தான்.

“ஷோபா, மாடியில மிஷின் இருக்கில்ல? எடுத்துட்டு வா. வயரையும் சேத்து.”

அவள் காய்கறிப் பையை ராதா அத்தையிடம் கொடுத்துவிட்டுப் படியேறினாள். பாதிப் படியில், “பத்துல ஆரம்பிக்கலாமா, அஞ்சுலயா?” என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு பேரில் யார் கேட்டது என்று அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை.